வேறொரு என்ஜினின் காது

இயேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
9-6-85

அன்புத் தம்பி லூர்துவுக்கு,

அக்கா ரோசரி ஆசீர்வதித்து எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? கேரேஜ் தகரக் கூரைக்குக் கீழே இந்த வெயிலை எப்படித் தாங்குகிறாய்? மோரில் உப்புப் போட்டுக் குடி. இங்கே எங்கள் இருவருக்கும் சுகக்குறைவு ஒன்றும் இல்லை.

உன் மச்சான் குவைத்திலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது அவருடைய லீவு நாட்கள்தான். அப்போதெல்லாம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இப்போது அவர் ஒரு நாற்காலி, நான் ஒரு நாற்காலி. "காப்பி போடட்டுமாங்க?" என்றால் "ம்." "ஸ்கூலுக்குப் போயிட்டு வரேங்க" என்றால் "ம்." கோபம் என்று சொல்ல முடியாது. என்ன பேசுவது என்று தெரியாத மனுசர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நானும் வாய் நிறையப் பேசுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும்.

அவருக்கு இருக்கிற ஒரே உயிர் அந்தக் கார். முதலாளி தொழில் நொடித்து, கணக்கு முடித்துக் கொடுக்க வழியில்லாமல், அவர் மூன்று வருடம் ஓட்டிய அந்த ஸ்வீடன் காரையே கொடுத்து அனுப்பினார் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்காரர் ராசப்பன், கஸ்டம்ஸ் சட்டப்படி விற்கக்கூடாத காலம் முடிந்ததும் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதை வைத்து ஒரு லாரி வாங்கலாம் என்பது இவர் எண்ணம்.

போன மாதம் என்ஜினைப் பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர் எதையோ ஸ்பேனர் போட்டு இறுக்கியதில் நாக் சென்சர் என்கிற சாமான் விரிசல் விட்டுவிட்டதாம். அதிலிருந்து கார் நகர்கிறது, அவ்வளவுதான். டவுன் பஸ்கூட முந்திக்கொண்டு போகிறது. தினமும் துடைத்துத் துணியைப் போட்டு மூடி வைக்கிறார். உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறார். நானே கேட்கிறேன். அங்கே கிடைக்குமா?

எங்கள் பள்ளிக்கூடத்து பேட்ரிசியா டீச்சரின் போட்டோ அனுப்பியிருந்தேனே, அதற்கு நீ பதிலே எழுதவில்லை.

உன் நினைவாகவே இருக்கும் அக்கா,
ரோசரி

---

குவைத்
28-6-85

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மோர் குடிக்கிறேன். மச்சானுக்கும் உனக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும்.

மச்சான் காரின் சென்சர் இங்கே ஏஜென்சியில் இல்லை. எழுதிப் போட்டிருக்கிறார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது.

நீ சயின்ஸ் டீச்சர். உனக்குச் சொன்னால் புரியும். டர்போ காரில் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றை உள்ளே அழுத்தி அனுப்புகிறார்கள். அதனால்தான் அந்த இழுவை. ஆனால் பெட்ரோல் மட்டமாக இருந்தால் அந்த அழுத்தத்தில் அது நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் தட்டுவது போல் விழும். அந்தத் தட்டலைக் கேட்பதற்குத்தான் நாக் சென்சர். என்ஜின் பிளாக்கில் காதை வைத்தபடி இருக்கும். கேட்டதும் கண்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி டர்போவைக் குறைத்துவிடும். சென்சரே இல்லாவிட்டால் பெட்டி பயந்துபோய் டர்போவைத் திறக்கவே திறக்காது. மச்சான் கார் ஊர்வது அதனால்தான்.

எங்கள் கேரேஜில் பின்னால் அடிபட்டு நசுங்கிய அமெரிக்கக் கார் ஒன்று கிடக்கிறது. அதுவும் டர்போதான், ஆறு சிலிண்டர். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது அதன் சென்சரைக் கழற்றினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே வெளிச்சம் பால் மாதிரி நின்றது. அந்தச் சின்னச் சாமானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது இனி காவிரி ஓரம் போய் எதைக் கேட்குமோ என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உப்பிலியபுரத்து வெள்ளைச்சாமி அண்ணன் லீவில் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இது வேறு என்ஜினுக்காகச் செய்தது என்று மச்சானிடம் சொல். பெட்டி இதை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க மட்டும்தான். சரியானது வரும்வரை மெதுவாக ஓட்டச் சொல்.

போட்டோ வந்தது.

தம்பி,
லூர்து

---

இயேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
5-8-85

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே காவிரியில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. வீட்டிலும் ஏதோ வந்த மாதிரி இருக்கிறது.

வெள்ளைச்சாமி அண்ணன் பார்சலைக் கொடுத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்கு ஓடினார். சென்சரின் மரை நம் காருக்குப் பொருந்தவில்லை. லேத் பட்டறை ஜெகபர் அலி பாய் பித்தளையில் புஷ் என்கிற வளையம் ஒன்று கடைந்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். நீ மெதுவாக ஓட்டச் சொன்னதை உன் மச்சானிடம் சொன்னேன். "ம்" என்றார்.

நேற்று ஞாயிறு, முதல் பூசை முடிந்து வந்ததும் காரின் துணியை எடுத்தார். "வர்றியா? ஓட்டிப் பாக்கணும்" என்றார். என்னைத்தான் கேட்கிறாரா என்று ஒரு நிமிடம் புரியவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கரூர் ரோட்டில் ஏறினோம். வலது பக்கம் காவிரி. முந்தாநாள்தான் ஆடிப்பெருக்கு, படித்துறைகளில் பூவும் மஞ்சளும் இன்னும் கிடந்தன. தண்ணீர்மேல் பனியா புகையா என்று தெரியாமல் ஒன்று நின்றது. குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டியதும் அவர் காலை அழுத்தினார். லூர்து, அதை எப்படி எழுதுவது? முதலில் ஒன்றுமே இல்லை. ஒரு மூச்சு நேரம் கழித்து, யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்து, நோகாமல், ஆனால் விடாமல் தள்ளினார்கள். சத்தமே இல்லை. வாழைத்தோப்பெல்லாம் ஒரே பச்சைத் துணியாகிப் பின்னால் போயிற்று. நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. பத்து வயதில் நம் தெரு ஊஞ்சலில் சிரித்த பிறகு அப்படிச் சிரித்தேனா என்று தெரியவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அங்க ரோடு நேரா போகும் ரோசரி. ஒரு மரம் இருக்காது. முதலாளியை எறக்கிவிட்டுட்டுத் திரும்பி வரும்போது இப்பிடித்தான் தள்ளும். பக்கத்து சீட்டு காலியா இருக்கும். பெல்ட்டு மட்டும் ஆடிக்கிட்டு இருக்கும்."

முக்கொம்புவரை பேசிக்கொண்டே வந்தார். மதகுகளுக்கு மேலே நடந்தோம். ஒரே ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று, குவைத்தில் முதல் வருடம் தனக்கு டைபாய்டு வந்ததைச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முந்தைய காய்ச்சல். எனக்கு நேற்றுதான் தெரியும்.

"நாளையிலேருந்து ஸ்கூலுக்கு நான் கொண்டு விடறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

உனக்கு எத்தனை செபமாலை சொன்னாலும் தகும்.

அக்கா,
ரோசரி

---

குவைத்
22-8-85

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு முறை சந்தோசமாக இருந்தது. மூன்றாவது முறை, கார் முதுகில் கை வைத்துத் தள்ளியது என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.  

நம் ஊர் பெட்ரோலுக்கு அந்தக் கார் அப்படித் தள்ளக்கூடாது. இங்கே உயர்ந்த பெட்ரோலில் தள்ளலாம். அங்கே நல்ல சென்சர் இருந்தபோதே மச்சான் கார் அடங்கித்தான் ஓடியது, ஏனென்றால் அது தட்டலைக் கேட்டுக் கேட்டு டர்போவைக் குறைத்துக்கொண்டிருந்தது. இப்போது குறையவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான். நான் அனுப்பிய சென்சருக்குக் காது கேட்கவில்லை.

பெரிய அண்டாவைத் தட்டினால் ஒரு நாதம் வரும், சின்னச் சொம்பைத் தட்டினால் வேறு நாதம் வரும். ஒவ்வொரு என்ஜினும் தட்டும்போது அதற்கென்று ஒரு சுருதி உண்டு. சென்சரை அந்தச் சுருதிக்கு மட்டும் அதிரும்படி செய்திருக்கிறார்கள். அமெரிக்கக் காரின் சிலிண்டர் அகலம், அது அண்டா. மச்சான் கார் சொம்பு. அண்டாவுக்குப் பழகிய காது சொம்பு கத்துவதைக் கேட்காது. பெட்டியோ, சென்சர் இருக்கிறது, சத்தம் இல்லை, எல்லாம் சுகம் என்று நினைத்து டர்போவை முழுக்கத் திறந்துவிடுகிறது. நடுவில் பித்தளை வேறு.

தப்பு என்னுடையது. நான் இதை முன்னமே யோசித்திருக்க வேண்டும். மச்சானிடம் உடனே சொல். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி ஊரட்டும். இப்படியே ஓட்டினால் ஒரு நாள் பிஸ்டன் ஓட்டையாகும். பிறகு ராசப்பனும் வாங்கமாட்டார், ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

மச்சான் கடிதம் எழுதுகிறவர் இல்லை, அவருக்கு எழுதினால் பதில் வராது. அதனால் உன்னை நம்பித்தான் எழுதுகிறேன்.

தம்பி,
லூர்து

---

இயேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
30-9-85

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, காலாண்டுப் பரீட்சை விடைத்தாள்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நாங்கள் சுகம்.

இப்போதெல்லாம் விடியும்போதே கிளம்பிவிடுகிறோம். ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக எவ்வளவு நேரம், இதோ காவிரிப் பாலம் தாண்டினால் வந்துவிடும். ஆனால் உன் மச்சான் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கொள்ளிடம் பாலத்திலும் ஏறி மண்ணச்சநல்லூர்வரை போய்த்தான் திரும்புகிறார். அந்த நேரத்தில் மில்களில் நெல் அவித்துக்கொண்டிருப்பார்கள். ரோட்டுக்குக் குறுக்கே ஆவி மிதக்கும். கார் அதற்குள் நுழைந்து வெளியே வரும்போது கண்ணாடி முழுக்க வேர்த்திருக்கும், புழுங்கல் வாசனை உடுப்பில் ஒட்டிக்கொள்ளும். திரும்பும்போது ஸ்ரீரங்கம் தெரியும். கட்டி முடியாத ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, கீழே பனி இருப்பதால் அது தரையில்லாமல் தென்னைகளுக்கு மேலே தொங்குகிற மாதிரி இருக்கும். "யாராச்சும் கயிறை அறுத்தா பறந்துரும்" என்றார் ஒரு நாள். அவருக்கு இப்படியெல்லாம் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது.

நிறையச் சொல்கிறார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் தமிழில் எண்ணக் கற்றுக்கொண்டதை, மணல்காற்றில் ரோடு மறைந்து ஒரு பகல் முழுக்கக் காருக்குள்ளேயே இருந்ததை. நானும் சொல்கிறேன். கல்யாணமான இரண்டாம் வருடம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவருக்கும் உனக்கும் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தேன். என்னவென்று போன வாரம் சொன்னேன். அது தங்கியிருந்தால் இப்போது ஏழு வயது. வண்டியை ஓரம் கட்டினார். நெடுநேரம் நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கை என் கைமேல் இருந்தது.

எட்டாம் வகுப்புக்கு ஒலிப் பாடம் நடத்தினேன். இரண்டு இசைக்கவைகளை வைத்து, ஒன்றைத் தட்டினால் அதே சுருதியுள்ள மற்றொன்று தானாக அதிர்வதைக் காட்டினேன். வேறு சுருதியுள்ளது அதிராமல் நின்றதையும் காட்டினேன். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

வேறு விசேசம் இல்லை. பேட்ரிசியா டீச்சர் உன்னை விசாரித்தாள்.

அக்கா,
ரோசரி

---

குவைத்
17-10-85

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஆஸ்பத்திரி விசயம் எனக்கும் இப்போதுதான் தெரியும். அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

ஆனால் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. மச்சானிடம் சொன்னாயா இல்லையா? கழற்றியாகிவிட்டதா?

இசைக்கவை பற்றி எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உனக்கு முழுக்கப் புரிந்திருக்கிறது.

ஒரு வரி போதும், எழுது.

தம்பி,
லூர்து

---

இயேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
24-11-85

அன்புத் தம்பிக்கு,

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நான் போன வருடம் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். இங்கே விடாத மழை. கொள்ளிடம் இரு கரையும் தொட்டுச் சிவப்பாக ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் லீவு விட்டார்கள். லீவிலும் நாங்கள் காலையில் போனோம்.

பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மழையில் பாலம் நகர்வது போலவும் தண்ணீர் நிற்பது போலவும் இருந்தது. "எங்க போறோம்?" என்று கேட்டேன். "கடலுக்கு" என்றார். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பாலத்து ஏற்றத்தில் வண்டி இழுக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வருகிறது. முறத்தில் உளுந்தைப் புடைப்பது போல. மழைதான் கூரையில் விழுகிறது என்று நினைத்துக்கொள்கிறேன். மழை நின்ற பிறகும் மழை என்றே நினைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்ட அவரே மூங்கில் வாங்கி வந்திருக்கிறார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் இப்போது எங்கள் வீட்டில்தான்.

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். கோபத்திலும் சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா,
ரோசரி

---

குவைத்
8-12-85

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

லூர்துவின் வணக்கம். தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் அனுப்பிய சென்சர் உங்கள் என்ஜினின் தட்டலைக் கேட்காது. அதை உடனே கழற்றிவிடுங்கள். காதில் விழுகிற சத்தம் வந்துவிட்டது என்றால் உள்ளே பிஸ்டன் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு இரண்டு முறை எழுதினேன். வேலை மும்முரத்தில் மறந்திருக்கலாம். அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்றுதான் நேராக எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தங்கள்,
லூர்து

---

இயேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
2-2-86

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமா? நாங்கள் இருவரும் சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ பதறுவாய்.

வண்டி போய்விட்டது.

போன ஞாயிறு முக்கொம்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் ஏதோ சொல்ல, நான் சிரிக்க, அவர் காலை அழுத்தினார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. டப் என்று ஒன்று. அதன் பிறகு பின்கண்ணாடி முழுக்க நீலப் புகை. வண்டி தானாக ஓடி ஓடி, வேகம் குறைந்து, ஒரு வாய்க்கால் மதகருகில் வந்து நின்றது. அவர் இறங்கி பானெட்டைத் திறந்தார். எதையும் தொடவில்லை. மூடிவிட்டு வந்து மதகுச்சுவரில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பிஸ்டன் போயிருச்சு" என்றார்.

"எனக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"அந்த சென்சருக்குக் காது கேக்கலைன்னு. தம்பி ஆகஸ்ட் மாசமே எழுதிட்டான். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் கடிதத்தை எடுத்தார். மடித்து மடித்து அதன் ஓரம் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. உன் எழுத்து.

"எனக்கும் எழுதிட்டான்."

"எப்பங்க?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னால. அதுக்கு முன்னாலயே தெரியும் ரோசரி. மூணு வருசம் ஓட்டின வண்டி. அது தட்டுறது எனக்குக் கேக்காதா?"

"அப்புறம் ஏங்க காலை எடுக்கல?"

வாய்க்காலில் ஒரு வாழைச்சருகு சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றி முடித்துப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சிரிச்ச" என்றார்.

நான் ஏன் சொல்லவில்லை என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை, லூர்து. இதுவரை கேட்கவில்லை.

வாழைத்தார் ஏற்றிப் போன லாரி ஒன்று கயிறு கட்டி எங்களை இழுத்து வந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். என்ஜின் ஓடாத கார் அவ்வளவு அமைதியாகப் போகும் என்று யார் நினைத்தார்கள்? ஆற்றுக் காற்று, லாரியிலிருந்து உதிர்ந்த வாழைப்பூ மடல்கள், முன்னால் ஆடுகிற கயிறு. பாலக்கரைவரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய மௌனம் மாதிரி இல்லை அது.

ராசப்பன் வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். லாரி வாங்கும் பேச்சு அதோடு முடிந்தது. நீ மூன்று முறை எழுதி எச்சரித்தும் கேட்காத மாதிரி நாங்களே கெடுத்துக்கொண்டோம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அவருக்கு வேலை வேண்டும். அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

உன்னை இவ்வளவு மாதம் தவிக்க விட்டேன். திட்டி எழுது.

அக்கா,
ரோசரி

---

குவைத்
20-2-86

பிரியமுள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதற்கு ஆண்டவருக்குத் தோத்திரம். நான் திட்டப்போவதில்லை. திட்டி எழுத உட்கார்ந்தேன், பிறகு உன் பழைய கடிதங்களை எல்லாம் வரிசையாகப் படித்தேன்.

சரியான சென்சர் போன வாரம்தான் ஏஜென்சிக்கு வந்தது. பெட்டி பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. பிஸ்டனும் மற்ற சாமான்களும் வாங்குவதென்றால் இன்னொரு காரின் விலை. என்ன செய்யட்டும் என்று மச்சானைக் கேட்டு எழுது.

அக்கா, பேட்ரிசியா டீச்சர் பேசுகிறவரா? நான் மத்தியான நேரங்களில் என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தே பழகிவிட்டேன். எனக்கு யாரோடும் பேசத் தெரியாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அதற்குப் பிறகும் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம்.

தம்பி,
லூர்து

---

பாலக்கரை, திருச்சி
7-4-86

அன்புள்ள மாப்பிள்ளை லூர்துவுக்கு,

இன்னாசிராஜ் எழுதுவது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும். ரோசரி எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம், இதை நானே எழுதுகிறேன் என்றேன். குவைத்திலிருந்து எட்டு வருடம் எழுதிய கடிதங்களை எல்லாம் சேர்த்தாலும் இந்த நீளம் வராது என்று பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.

அந்த சென்சரை ஏஜென்சியிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. இனி இந்த வண்டியில் அதற்கு வேலை இல்லை.

ராசப்பன் மில்லில் ஒரு பழைய வேன் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் டீசல் என்ஜினை அவர் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். நானும் ஜெகபர் அலி பாயும் ஒரு மாதம் போராடி அதை நம் காரில் உட்கார வைத்தோம். அடிச்சட்டத்தை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. பானெட் முழுக்க மூடாது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். டர்போ, பெட்டி, காது எதுவும் கிடையாது. நாற்பதுக்கு மேல் போகாது. என் பழைய முதலாளியைப் பார்த்தால் சொல்லாதே, அழுதுவிடுவார்.

மில்லிலேயே லாரி ஓட்டுகிறேன். சொந்த லாரி என்று நினைத்திருந்தது அடுத்தவர் லாரியாயிற்று. துறையூர், உப்பிலியபுரம் பக்கம் நெல் எடுக்கப் போகிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிட மேல். லாரி நினைப்பு விட்டுப்போனது வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலை நேரங்களுக்கு என்ன விலை என்று யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம் காரை எடுக்கிறோம். மாப்பிள்ளை, அந்த டீசல் சத்தத்தை நீ கேட்க வேண்டும். மாவு மில் ஓடுகிற மாதிரி. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ரோசரி கத்துவாள், "என்னங்க?" நான் கத்துவேன், "என்ன?" இப்படியே முக்கொம்பு போய்த் திரும்பும்போது இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருக்கும். அமைதியாக இருந்தபோது சொல்ல வராத பலதும் கத்தும்போது வந்துவிடுகிறது.

நேற்று திரும்பும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு மாட்டுவண்டி, பின்னால் ஒரு டவுன் பஸ். கேட்டை நெருங்கும்போது ரோசரி கேட்டாள், "அங்க இருக்கையில என்னை எப்பவாச்சும் நெனப்பீங்களா?" நான் பதில் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். கத்த ஆரம்பித்த அதே நேரம் என்ஜின் குலுங்கி அணைந்துபோயிற்று.

"எட்டு வருசமும் வேற என்னத்த நெனச்சேன், ஒன்னைத் தவிர!"

கேட் முழுக்கக் கேட்டது. மாட்டுவண்டிக்காரர் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் வெளியே வந்தன. வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒன்று, "கேட்டுருச்சு சாமி, கேட்டுருச்சு" என்றது. ரோசரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

ரயில் போயிற்று. கேட் திறந்தது. மாட்டுவண்டிகள் போயின. நான் சாவியைத் திருப்பவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அந்த டிரைவர் ஹாரன் அடிக்கவே இல்லை, மாப்பிள்ளை.

பேட்ரிசியா டீச்சருக்குச் சம்மதமாம். கல்யாணத்துக்குச் சீக்கிரம் வந்து சேர்.

உன் மச்சான்,
இன்னாசிராஜ்